கண்ணீரோடு போன மருந்து

அக்கா,

இன்று காலையும் சொட்டு விட்டுக்கொண்டேன். சற்றைக்கெல்லாம் தொண்டை கசந்தது. கசப்போடு உன் குரலும் வந்துவிட்டது: “கண்ணுல ஊத்தினது வாயில கசக்குதுடா நைனா, இன்னா மருந்து இது?” சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் தினமும் திரும்புகிறேன்.

உனக்கு வந்த நோய்தான் எனக்கும். மயிலாப்பூர் வீட்டில் நான் உனக்கு மருந்து விட ஆரம்பித்தபோது ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சக் கண்ணைக் காக்கத்தான் அந்தச் சீசா. டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் தேங்கி அழுத்துகிறது. மருந்து கருவிழி வழியாக உள்ளே இறங்கிக் கண்ணின் பாப்பாவைச் சுருக்கினால் வடிகிற வழி திறக்கும். இமைக்குள் ஒரு சொட்டுக்கே இடம் போதாது, அதனால் கொட்டிப் பிரயோஜனமில்லை. மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ளாவிட்டால் மருந்து மூக்கு வழியே தொண்டைக்கு ஓடிவிடும். “முக்கியமாக, அழக்கூடாது. கண்ணீர் மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும்” என்றார்.

நீ சிரித்தாய். “நான் எதுக்கு அழப்போறேன்? உங்க மாமா என்னைச் சிரிக்க வெச்சே கொல்றாரு” என்றாய். கண்ணின் பாப்பா கடுகளவாகச் சுருங்கியதில் உனக்கு வீடே மங்கிப்போனது. பட்டப்பகலில் விளக்கேற்றச் சொல்வாய். மாமா தான் ஓட்டும் ஜட்கா வண்டியின் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து உன் முகத்துக்கு நேரே பிடிப்பார்.

அந்த மாமா ஒரு காய்ச்சலில் போய்விட்டார். சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி என்று நாலாபக்கமிருந்தும் உறவுப் பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் வாசலிலேயே குரலெடுக்கும். நீ எழுந்து கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதுதான் முறை. நான் சொட்டு விட்டு மூக்கோரத்தை அழுத்துவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். மருந்து உன் கன்னத்தில் வழிந்து போகும்.

பொறுக்க முடியாமல் பெண்களுக்கு நடுவே புகுந்து கத்தினேன். “போதும், எழுந்திருங்க! இருக்கிற ஒரு கண்ணும் போய்டும்!”

“புருசனுக்கு அழாத பொம்பளைக்குக் கண்ணு இருந்து இன்னா பிரயோஜனம்?” என்றாள் நம் சித்தி.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீயாவது என் பக்கம் பேசுவாய் என்று நினைத்தேன். நீ சீசாவைத் தள்ளிவிட்டாய். “நீ போடா. அழுதாதான் நெஞ்சு கொஞ்சம் ஆறுது.”

கருமாதிக்கு முன்பே தலைவலி என்று சுவரில் முட்டிக்கொண்டாய், வாந்தி எடுத்தாய். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வை திரும்பவில்லை. அதற்கப்புறம் வாசலில் தயிர்க்காரி வந்து நின்றால்கூட நீ எழுந்து கையை விரித்தாய், கட்டியழ வந்தவள் என்று நினைத்து. அவளும் பயந்துபோய் உன் கைக்குள் வந்து நின்றாள். அந்தக் காட்சி என்னை விடுவதாயில்லை.

எனக்கு உன்மேல் ஆறாத கோபம் இருந்தது. அழுகைக்காகக் கண்ணைக் கொடுப்பார்களா என்று பெண்சாதியிடம் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன்.

நீ போன அன்று உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். என் மருந்து வேளை வந்ததும் பெண்சாதி சீசாவைக் கொண்டுவந்து, “கொஞ்ச நேரம் அழாம இருங்க, விட்டுடறேன்” என்றாள். நான் அவள் கையை விலக்கிவிட்டுப் பொழுது சாயும்வரை அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக நானே சொட்டு விட்டுக்கொண்டேன், அக்கா. எனக்கு இன்னும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.