முதல் வரியில் 786

ஏப்ரல் 22, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால்மேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. படகு போகாவிட்டால் என் ஐஸ் யாருக்கு? எனக்கும் ஐஸுக்கும் இப்போது ஒரே வேலை, உட்கார்ந்து உருகுவது. என் வீட்டுக்காரி மெஹர் பானு ஒரு நாளைக்கு நாலு தடவை மார்க்கெட்டுக்கு அனுப்புகிறாள். அதிலிருந்து தப்பிக்க மகளிடம் போய், எனக்கும் கோடிங் சொல்லிக்கொடும்மா என்றேன். எந்தப் படகுக்கு எத்தனை கட்டி ஐஸ் என்று கூட்டிச் சொல்ல ஒரு புரோகிராம், அவ்வளவுதான். சுஹைனா சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் ததிங்கிணத்தோம் போட்டவனுக்கு அதுவே பெரிய மரியாதை.

ஏப்ரல் 25, வெள்ளி

எனக்கு ஒதுக்கிய பாஷை பைத்தான். ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது இந்தி, மலையாளம் எல்லாம் திட்டு வாங்கித்தான் படித்தேன். இதுவும் அப்படித்தான், ஆனால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. வரிக்கு முன்னால் நாலு இடம் விட வேண்டுமாம். மூன்று விட்டேன். கல்யாணத்தில் முன்வரிசை கிடைக்காத சம்பந்தி மாதிரி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டது. பதினாலாவது வரியில் தப்பு என்கிறது. போய்ப் பார்த்தால் பதின்மூன்றாவது வரிக்காரன் அடைப்புக்குறியை மூடாமல் போயிருக்கிறான். பக்கத்து வீட்டைக் கைகாட்டும் பழக்கம் மெஷினுக்கும் உண்டு.

புரோகிராம் எழுதுகிற திரைக்கு எடிட்டர் என்று பேர், முழுக்கக் கறுப்பு. கரண்டு போன வீடு மாதிரி இருக்கு, வெள்ளையாக்கித் தாயேன் என்றேன். கண்ணு கெட்டுடும் வாப்பா என்றாள். எழுதியதைத் தானே சேமித்துக்கொள்கிறது. நான் ஒரு எழுத்துத் தட்டினால் மீதியை அதுவே முடிக்கிறது. மெஹர் பானுவோடு குடித்தனம் செய்தவனுக்கு இது புதிதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பில்லோ துண்டுச்சீட்டோ, பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக மேலே 786 போட்டுத்தான் தொடங்குவேன். கை தானாகப் போகும். புரோகிராமிலும் முதல் வரி அதுதான். பைத்தான் இதைக் கண்டுக்காது, இருந்துட்டுப் போகட்டும் என்றாள் சுஹைனா. மனுசங்க படிக்க மட்டும் எழுதுவதென்றால் முன்னால் ஒரு குறி போட வேண்டுமாம். மெஷின் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். பைத்தானுக்கு வேலித் தட்டி மாதிரி ஒன்று. அவள் எழுதும் ஜாவாவுக்கு இரண்டு சாய்ந்த கோடு. 786-க்கு எதுக்கும்மா வேலி என்று விட்டுவிட்டேன்.

மே 4, ஞாயிறு

இன்று ஓடியது. எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்றது. இது எனக்கே தெரியுமே என்றாள் மெஹர் பானு.

மே 8, வியாழன்

பெங்களூர் கம்பெனி ஒன்று சுஹைனாவைக் கேட்டிருக்கிறது. ஒரு புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும், தேறினால் அங்கேயே போய் இருக்க வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே சென்னைக்காரனுக்கு வேலை செய்கிறாள். அது போதாதா?

"ரெண்டு வருஷமா ஒரே பட்டனை இடப்பக்கமும் வலப்பக்கமும் நகத்திக்கிட்டு இருக்கேன் வாப்பா."

அவள் வளர்ந்த காலமெல்லாம் நான் ஷார்ஜாவில். இப்போதுதான் ஊரோடு வந்தேன், அவள் கிளம்புகிறாள். இதை அவளிடம் சொல்லவில்லை. மூஞ்சியை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டேன். பைத்தானிடம் படித்ததில் அது ஒன்றுதான் எனக்கு வந்தது.

மே 14, புதன்

எழுதி முடித்துவிட்டு அஸர் தொழப் போனாள். லேப்டாப் திறந்தே இருந்தது. நான் போகாதே என்று நினைப்பவன்தான். ஆனாலும் பிள்ளை எழுதிய பரீட்சை, மேலே ஒன்றுமில்லாமல் மொட்டையாக இருந்தது. முதல் வரியில் 786 போட்டேன். கெடு முடிகிற நேரம்; வந்ததும் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

மே 15, வியாழன்

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. புரோகிராம் ஓடவே இல்லையாம். முதல் வரியிலேயே நின்றுவிட்டதாம். கண்டுக்காமல் விடுகிற குணம் ஜாவாவுக்குக் கிடையாது. சுஹைனா அந்த வரியைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"போவேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம்ல வாப்பா."

நல்லதுக்குத்தாம்மா போட்டேன்... சொன்னேனா, நினைச்சதோட சரியா? ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தவன் சொன்னா எந்தப் புள்ள நம்பும்? துஆ செய்யத்தான் கை போச்சு. போச்சுதானே? அலுப்பா இருக்கு.

மே 16, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து கம்பெனி நம்பர் கேட்டேன். சுஹைனா தரவில்லை; மெஹர் பானு அவளிடம் வாங்கித் தந்தாள். எடுத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஷார்ஜா இந்தியில் சொன்னேன்: அந்த வரி நான் போட்டது, அது எங்க பிஸ்மில்லா நம்பர், எனக்குப் பைத்தான்தான் தெரியும், ஜாவா தெரியாது. நீங்களும் புரோகிராமரா என்று கேட்டது அந்தம்மா. ஐஸ் வியாபாரம் என்றேன்.

அந்த ஒரு வரியை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க, ஓடுச்சுன்னா என் மகளை எடுத்துக்கங்க. இதை நானே கேட்டேன், அதுவும் கெஞ்சி. திரும்பினால் கதவோரம் சுஹைனா. அப்படியே உள்ளே போய்விட்டாள்.

மே 21, புதன்

ஓடியதாம்.

ஜூன் 10, செவ்வாய்

பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தோம். இத்தனை வருஷம் ஷார்ஜா போகத் தாயும் மகளும் என் பெட்டியைக் கட்டித் தந்தார்கள், இன்று அவள் பெட்டியை நான் தூக்கினேன். வழியெல்லாம் உம்மாவோடுதான் பேசிக்கொண்டு வந்தாள். என்னிடம், வர்றேன் வாப்பா, அவ்வளவுதான். இடுப்பு வலிக்கிறது.

ஜூலை 3, வியாழன்

படகுகள் போகத் தொடங்கி ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஐஸ் கேட்டுப் போன் மேல் போன், இந்த நேரம் பார்த்துப் புரோகிராம் படுத்துக்கொண்டது. பதினாலாவது வரியாம். போட்டோ எடுத்து சுஹைனாவுக்கு அனுப்பினேன், பதில் வராது என்றுதான் நினைத்தேன். ஆபீஸிலிருந்து வீடியோவிலேயே கூப்பிட்டுவிட்டாள். பதிமூணாவது வரியப் பாருங்க வாப்பா என்றாள். சொல்லிக்கொண்டே போனை மேசையில் சாய்த்து வைத்தாள். அவள் லேப்டாப் தெரிந்தது. அதே கறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு சாய்ந்த கோடு, அதற்குப் பின்னால் 786.

காட்டத்தான் வைத்தாளா, தானாக அப்படி அமைந்ததா, தெரியவில்லை. கேட்கவில்லை. சாப்பிட்டியாம்மா என்றேன். சாப்பிட்டேன், நீங்க மொதல்ல அந்த அடைப்புக்குறிய மூடுங்க என்றாள்.

மூடினேன்.