அரை வயிற்றுத் தண்ணீர்

உன்னைக் கொன்றது நம் ஆலை முதலாளி. அதற்குக் கையெழுத்துப் போட்டது நான்.

இன்று காலை, விழுப்புரத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில், இரண்டு நாள் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. கூடவே நம் பாய்லரின் அந்த இரும்பு வாடை. தண்ணீரைச் சோதித்து, அளவைக் குறித்துவிட்டு, சாப்பிடப் போனேன். அழவில்லை. நீ செத்ததிலிருந்தே எனக்கு அழுகை வருவதில்லை.

திண்டிவனத்தில் ஒன்றாக டிப்ளமா படித்து, ஒரே அரிசி ஆலையில் சேர்ந்தோம். நெல் அவிக்கும் பாய்லர் உன் பொறுப்பு. அதற்குள் போகும் தண்ணீர் என் பொறுப்பு.

"கெமிஸ்ட்ரி மேடம், இன்னிக்கி என் தண்ணிக்கு ஜுரமா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, வறுத்த மல்லாட்டைக் கடலையை என் மேசையில் கொட்டுவாய். "டெஸ்ட் பண்ணிடாத. துன்றதுக்கு."

நெல் வரத்து நின்று ஆலையை மூடியபோது பாய்லரில் பாதித் தண்ணீர் கிடந்தது. நீ மேனேஜரிடம் போனாய்.

"சார், ஒண்ணு கழுத்து வரைக்கும் ரொப்பி, துரு புடிக்காம மருந்து ஊத்தணும். இல்லாட்டி ஒட்ட வடிச்சிக் காய வெக்கணும். அரை வயித்துல வுட்டா தண்ணியும் காத்தும் சேந்து டியூபைத் துன்னுடும்."

"மருந்து தீந்துபோச்சி. வந்ததும் ஊத்திக்கலாம்."

வரவில்லை. வடித்துக் காய வைக்கவோ பாய்லர் கதவைத் திறக்க வேண்டும். மூடும் நாளில் அந்தக் கதவுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது அங்கே வழக்கம். பொட்டு வைத்த கதவை அடுத்த பூசை வரை திறக்கக் கூடாது. "அம்மன் கண்ண மூடிக்கினு இருக்கா. தொறந்து பேஜார் பண்ணாதீங்கப்பா" என்றார் முதலாளி.

மேனேஜர் பதிவேட்டை நீட்டினார். 'முழுதும் நிரப்பி மருந்து இடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"போட்டுட்டியா?" என்றாய்.

"வேலை வேணுமில்ல?"

"வேணும்தான்."

அவ்வளவுதான் சொன்னாய். திட்டியிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து ஆலையைத் திறக்கப் பூசணிக்காய் உடைத்தார்கள். உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு நெருப்புப் போடலாம் என்றாய். "நல்ல நேரம் போவுது, ஜல்தி" என்றார் முதலாளி. நெருப்புப் போட்டாய். மதியம் நீ உமி தள்ளிக்கொண்டிருந்தபோது பாய்லரின் குழாய் ஒன்று வெடித்தது. நீராவி உன்மேல் பாய்ந்தது.

வெட்டிவைத்திருந்த அந்தக் குழாயைப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

விசாரணை அறிக்கையில் 'தண்ணீர் மட்டத்தைக் கவனிக்காத ஆபரேட்டரின் அலட்சியம்' என்று உன் பெயரோடு எழுதி முடித்தார்கள். பராமரிப்பு சரியாக நடந்ததற்கு என் கையெழுத்தே சாட்சி. உன் ஊர் அனந்தபுரத்தில் உன் அம்மாவிடம் ஊரே கேட்கிறது, பையன் தூங்கிவிட்டானாமே என்று. உன் அம்மா என்னைக் கேட்டார்: "தூங்கிட்டானாம்மா?"

"இல்லம்மா" என்றேன். என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

போன மாதம் எல்லாவற்றையும் எழுதி, விசாரணை நடத்திய அலுவலகத்தில் கொடுத்தேன். என்மேலும் வழக்கு வரலாம். வரட்டும். "அது முடிஞ்ச கேஸும்மா. எதுக்கு உங்களுக்கு வம்பு?" என்றார் அங்கிருந்தவர். பிறகு இரண்டு தடவை போனேன். மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்று மதியம் மறுபடியும் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அலட்சியம்னு எழுதின அந்த வரியிலேர்ந்து அவன் பேரை எடுங்க சார். முதலாளி பேரையும் என் பேரையும் எழுதுங்க."