சர்க்கரை கொஞ்சம் மாறியிருக்கிறது

என்னங்க,

நீங்கள் அனுப்பிய சர்க்கரை இல்லாத பிஸ்கட் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியைத் தின்றால்கூட இதைவிட ருசியாக இருக்கும். ஒருத்திக்காகச் சமைக்கச் சலிப்பாக இருக்கிற நாட்களில் இதைத்தான் தின்கிறேன்.

அன்று போனில், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டீர்கள். "சர்க்கரை கொஞ்சம் மாறியிருக்காம்" என்றேன். "இவ்வளவுதானா! யாருக்குத்தான் சர்க்கரை இல்ல? நல்லா நட, சரியாயிடும்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அதனால் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நான் சொன்னது எங்கள் ஆய்வுக்கூடத்துச் சர்க்கரை. உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரை இழைகள் பூனைமுடி மாதிரி ஒட்டியிருக்கும். சிறுநீரகத்தில் புற்று வந்தால் அந்த இழைகள் மாறிவிடும். நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நாங்கள் போடும் சாயத்தில் நல்ல பகுதி பச்சையாக ஒளிரும். கெட்டது இருண்டு கிடக்கும்.

டாக்டர் சொன்னதை உறுதி செய்ய மறுபடி வந்த தகட்டை இன்று பார்த்தேன். பாதி பச்சை, பாதி இருட்டு. தகட்டில் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும்தான். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "பாவம், யாரோ" என்றாள். நானும் "பாவம்தான்" என்றேன். என் கைப்பையில் இருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதே எண்தான்.

உங்கள் தலையணைக்கு உறை மாற்றி வைத்திருக்கிறேன். லீவு கேட்டுப் பாருங்கள். வரும்போது பிஸ்கட் வேண்டாம். நல்ல இனிப்பாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.

நான் சாப்பிடலாம்.

உங்கள்
வாயாடி