மழை பெய்யக்கூடும்

மார்ச் 9, செவ்வாய்

இன்று பத்திரிகையில் வானிலைச் செய்தியை முதல்முறையாக நானே முழுதாக வாசித்தேன். “மலைநாட்டில் மாலையில் மழை பெய்யக்கூடும்” என்று இருந்தது. மழை பெய்யும், பிறகு இன்னும் கூடும் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வாரமாகச் சொட்டு மழை இல்லை. சந்தோஷத்தில், இருந்த போஞ்சி விதை முழுவதையும் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் உள்ள பாத்தியில் காலையிலேயே ஊன்றிவிட்டேன். வேறு விதை கிடையாது.

மாலையில் மனைவியின் தம்பி கம்பளையிலிருந்து வந்தார். வானம் வெளுத்துக் கிடந்தது. அந்த வரியைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“மச்சான், கூடும்னா பெஞ்சாலும் பெய்யும், பெய்யாமலும் போகும். எழுதுறவன் தப்பிச்சிக்கப் போட்ட சொல்லு!”

“எழுபது வயசுல படிச்சு வெதையத் தொலைச்சாச்சு,” என்றாள் மனைவி.

விதையைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று போனேன். மேல்மண் சாம்பலாகப் பறந்தது. மூன்று விரல் ஆழத்தில் ஒரு விதை கிடைத்தது. தண்ணீர் குடிக்கத் தொடங்கும் விதைக்கு முதலில் ஆவதுபோல் அதன் தோல் சுருங்கியிருந்தது. சுற்றியிருந்த மண்ணைப் பிடித்துப் பார்த்தேன். உதிராமல் உருண்டையாக நின்றது. இத்தனை வெயிலிலும் இந்த ஈரம் எங்கே ஒளிந்திருந்தது? இராப்பனி இறங்கியதா, கீழேயிருந்து ஏறியதா?

விதையைத் திரும்ப மூடிவிட்டேன். மண் உருண்டையை மனைவியிடம் கொடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சொல்லை இப்போது சரியாக எழுதிப் பார்க்கிறேன். மழை பெய்யக்கூடும். பெய்யாமலும் போகக்கூடும். போஞ்சி முளைக்கக்கூடும்.