முன்னறைச் சுவருக்கு ஆயில் ப்ரைமர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக இதற்கு மேல் நாலு வரி விசாரிப்பேன், இன்றைக்கு அந்தப் பொறுமை இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் மூச்சு விடுவதற்குள் நீ மீட்டிங் இருக்கிறது என்பாய், இல்லாவிட்டால் எனக்கு நடுவில் அழுகை வந்துவிடும், அழுதுவிட்டால் பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுதான் உன் வேலையாக இருக்குமே தவிர நான் எதற்குக் கோபப்பட்டேன் என்பது உன் காதில் ஏறாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்புகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிற்று. எங்கேயோ இருந்தாலும் அம்மாவின் சுவர் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது பார் என்று பெருமை அடித்துக்கொண்டேன். முன்னறை எப்படிக் கிடந்தது என்று உனக்கே தெரியும். என் தையல் மிஷின் நிற்கிற பக்கத்துச் சுவர், இருபத்தாறு வருஷமாக மிஷின் எண்ணெய் தெறித்துத் தெறித்து இடுப்பு உயரத்துக்குப் பழுப்பேறிவிட்டது. சீலிங்கில், போன வருஷம் குழாய் ஒழுகி நாம் சரி செய்த இடத்தில், தட்டு அகலத்துக்கு ஒரு வளையம் காய்ந்து கிடந்தது. இதற்கெல்லாம் அடியில் நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அடித்த எனாமல் பெயின்ட் இன்னும் வழவழவென்று இருக்கிறது. இந்தச் சுவரில் தண்ணீர் பெயின்ட்டை நேராகக் கொண்டுபோய் அடித்தால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஆயில் ப்ரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், அதற்கு மேல் நீ எந்தப் பெயின்ட்டை வேண்டுமானாலும் அடி, கறையும் மேலே வராது, பெயின்ட்டும் உரியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவையில்லை. காலருக்குள் கான்வாஸ் வைக்காமல் சட்டை தைத்துக் கொடுத்தால் முதல் துவைப்பிலேயே அது தொங்கிப் போகும் என்று தெரிந்தவள் நான்.

பெயின்ட்டர் வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், வேலை செய்யும்போது தனக்குத்தானே பாடிக்கொள்கிறவர். வந்தவர் டப்பாவைத் திறந்தார், கலக்கினார், நேராக முன்னறைச் சுவரில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஆயில் ப்ரைமர் அடிக்கவில்லையா என்று கேட்டேன், அதெல்லாம் வேண்டாம்மா, இதுவே போதும் என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். சரி, தொழில் தெரிந்தவர், நமக்கேன் வம்பு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன், அதுதான் நான் செய்த தப்பு. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மிஷின் பக்கத்துச் சுவரில் எண்ணெய்க் கறை அத்தனையும் மஞ்சளாக மேலே வந்து நிற்கிறது, சீலிங் வளையம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. சுவிட்சுக்குப் பக்கத்தில் நகத்தால் லேசாக நெருடினேன், பெயின்ட் ஒரு முழ நீளத்துக்கு நாடா மாதிரி கையோடு வந்துவிட்டது.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து, தன் மகளின் யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வந்த வாடிக்கைக்காரி ஒருத்தியும் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதிரிலேயே பெயின்ட்டரைப் பிடித்துக்கொண்டேன். என் மகன் ப்ரைமருக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பான், அதை வாயில் போட்டுக்கொண்டு என் தலையில் மிளகாய் அரைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பாட்டு நின்றது. ஏணியிலிருந்து இறங்கினார், கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். "முப்பது வருஷமா சுவர் தேய்க்கிறேம்மா. ஆயில் ப்ரைமர் எங்க போடணும்னு எனக்குத் தெரியாதா? நீங்களே படிங்க" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் குட்டு உடையப்போகிறது என்கிற நினைப்பில், அந்தப் பெண்ணுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். நீ அவருக்கு அனுப்பிய செய்திதான். "முன்ரூம்ல ப்ரைமர் எல்லாம் வேண்டாம் அண்ணே. ஆறு மாசம் தாங்கினா போதும். வீடு பாக்க வர்றவங்க கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கணும், அவ்வளவுதான். அம்மாகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லிக்க வேண்டாம்." அந்தக் கடைசி வரியையும் சத்தமாகவே படித்துத் தொலைத்தேன், மனசுக்கு எட்டுவதற்கு முன்னால் வாய் படித்துவிட்டது. அந்தப் பெண், "வீட்ட விக்கப் போறீங்களாக்கா? அப்ப யூனிஃபார்ம வேற எங்கயாவது குடுத்துடவா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, பள்ளிக்கூடம் திறக்கிற தேதி அவளுக்கு முக்கியம். ஆனால் என் வீட்டில், என் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, வீடு விற்கப்போகிற செய்தியை ஒரு வாடிக்கைக்காரி வாயால் நான் கேட்டேன். எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்று உன்னால் அங்கிருந்து நினைத்துப் பார்க்க முடியாது.

உன் அப்பா இருக்கிறாரே, அவர் இத்தனையும் நடக்கும்போது உள்ளே பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாசமாக அவருக்கும் தெரியுமாம். சொல்லலாம் என்றுதான் இருந்தாராம், நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரே வீட்டில் ஒரே மேசையில் மூன்று வேளை சாப்பிடுகிற மனிதருக்கு இரண்டு மாசத்தில் ஒரு நல்ல நேரம் கிடைக்கவில்லை. கமுக்கமாக நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒன்றும் தெரியாத பாப்பாவாக்கிவிட்டீர்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கக்கினார். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து உனக்குப் பயம், அவருக்கு இளைப்பு வேறு இருக்கிறது, உன் வீட்டுக்குப் பக்கத்தில் லிஃப்ட் வைத்த ஃபிளாட் பார்த்திருக்கிறாய், அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும் என்று சொன்னாயாம். உன் பயம் எனக்குப் புரிகிறது, அவர் விழுந்த அன்றைக்குத் தூக்கி உட்கார வைத்தது நான்தான். ஆனால் எனக்கு ஓய்வு வேண்டும் என்று உன்னிடம் யாரடா சொன்னது? போன தடவை உன் வீட்டுக்கு வந்து இரண்டு மாசம் இருந்தேனே, முதல் வாரத்திலேயே உன் வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றுக்கும் விளிம்பு மடித்துத் தைத்துவிட்டேன், மீதி ஏழு வாரம் ஜன்னலில் நின்று எதிர்க் கட்டிடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குவதை எண்ணினேன். நீ கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. இங்கே என்னைத் தேடி ஒரு நாளைக்கு நாலு பேராவது வருகிறார்கள். அந்த முன்னறை உனக்கு விலை பேசுகிற அறை, எனக்கு அதுதான் பிழைப்பும் பேச்சும் எல்லாமும்.

அன்றைக்கு மத்தியானமே பெயின்ட்டரைக் கூட்டிக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாசனை இல்லாதது இருக்கிறது, தண்ணீரிலேயே கலக்கலாம் என்று வேறு எதையோ தள்ளிவிடப் பார்த்தார், மிஷின் எண்ணெய்க் கறையை அது அடக்குமா என்று கேட்டேன், அவர் ஆயில் ப்ரைமரை எடுத்து வைத்தார். பெயின்ட்டரிடம் மன்னிப்பும் கேட்டேன். எந்தப் பெண் எதிரில் அவரைத் திருடன் என்ற மாதிரி பேசினேனோ, அவளை மறுபடி வரச் சொல்லி, அவள் எதிரிலேயே கேட்டேன். அவர் கூச்சப்பட்டு, விடுங்கம்மா என்று ஏணியில் ஏறிக்கொண்டார். ப்ரைமர் வாசனை அப்பாவின் இளைப்புக்கு ஆகாது, அதனால் அவரை மருந்தும் நாலு சட்டையுமாக அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஹாஸ்டலில் விடப் போகிற பையன் மாதிரி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார், எனக்கு இரக்கமே வரவில்லை. அடித்த பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுத்து, சுவரைத் தேய்த்து, ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து அடித்தோம். எனக்கும் ஒரு முகமூடி கொடுத்தார், அப்படியும் கண் எரிந்தது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மறுநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. கறை இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. இது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டேன், பத்து வருஷத்துக்கு நான் கேரண்டி என்றார். எனக்கு இப்போது அறுபத்து நாலு, எழுபத்து நாலோடு மிஷினை நிறுத்துவதாக இல்லை. மேல் பெயின்ட்டை இரண்டு கோட்டாக அடியுங்கள் என்று சொன்னேன்.

மிச்சமிருந்த ப்ரைமரைக் கொட்ட மனசில்லை. வாசல் சுவரில் ஒரு சதுரத்துக்கு அதை அடிக்கச் சொல்லி, மேலே கறுப்பு எனாமலில் "தையல் கடை. உள்ளே வரலாம்" என்று எழுத வைத்தேன். இத்தனை வருஷமாக எனக்குப் போர்டு இருந்ததில்லை, தேவையும் இருந்ததில்லை. நாலாம் நாள் அப்பா திரும்பி வந்து அதன் எதிரில் ரொம்ப நேரம் நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நானும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனால் அன்றைக்கு மிஷினைப் பழைய இடத்துக்கு நகர்த்தும்போது, நான் கூப்பிடாமலே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.

இந்தக் கடிதத்தை மருமகளிடமும் காட்டு, அவளுக்கும் தெரியாமல் வைத்திருந்தாயானால் உன்னை அவளே பார்த்துக்கொள்வாள். பேத்தியின் அறைக்கு எப்போதாவது பெயின்ட் அடித்தால் வாசனை போகிற வரைக்கும் குழந்தையை அதில் படுக்க வைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த லீவுக்கு நீ இங்கே வர வேண்டும், வந்து அப்பாவிடமோ பெயின்ட்டரிடமோ சொல்லி அனுப்பாமல் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அம்மா, எங்களோடு வந்து இருக்கிறாயா என்று நீயே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் என்ன சொல்லுவேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது, வருகிறேன் என்றுகூடச் சொல்லிவிடுவேன், பெற்றவள்தானே. என்னைக் கேட்காமல் மட்டும் எதையும் செய்யாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனம் விட்டுப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. நீ வந்து கேட்கிற வரைக்கும், இந்த வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் தோளும் இடுப்பும் அளவெடுத்துத்தான் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா