களத்துக்கு ஒரு கண்ணாடி

மார்ச் 3
நாங்கள் புதிதாகப் போட்ட சிமென்ட் களம். காயும் கொப்பரைத் தேங்காயைப் புரட்டக் குனிந்தால் தரையிலிருந்தே வெயில் முகத்தில் அடிக்கிறது. வலக்கண் மறுபடியும் சிவந்து உறுத்துகிறது, மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி.

மார்ச் 6
வெள்ளகோவிலில் இருந்து பஸ் ஏறி காங்கேயம் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். மூக்கோரமாக வெள்ளை விழியில் சதை வளர்ந்து கருவிழி ஓரத்தை எட்டிவிட்டதாம். "வெயிலும் தூசியும்தாம்மா காரணம். நல்ல கூலிங் கிளாஸ் போடுங்க. நடுவுக்கு வந்துட்டா பார்வையை மறைக்கும். அப்புறம் ஆபரேஷன்தான்."

எடுத்தாலும் திரும்ப வளரலாமாம். கண்ணுல கத்தி வெக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி போட்டுப் பாத்தரோணும்.

களத்தில் நிற்கும்போது வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் சாக்ஸ். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கண்ணை மட்டும் வெயிலுக்குக் கொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷம் புத்தி எங்கே போயிற்று?

மார்ச் 15
கோயமுத்தூர் போன வீட்டுக்காரர் கண்ணாடியோடு வந்தார். "இருக்கறதுலயே கருப்பா எதுன்னு கேட்டு வாங்கியாந்தேன் லோகு. ஒரு பொட்டு வெயில் உள்ள போகாது." போட்டால் பட்டப்பகலிலேயே பொழுது சாய்ந்துவிட்டது.

கல்யாணமானதிலிருந்து தீபாவளிப் புடவை தவிர, எனக்கென்று அவராக யோசித்து வாங்கியது இதுதான். சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது?

கொப்பரை புரட்ட வரும் காளியாத்தாக்கா வாயில் கை வைத்துச் சிரித்தார். "ஏனுங் அம்மணி, சினிமாவுல கூப்ட்டுட்டாங்களா?" சிரிக்கட்டும்.

ஏப்ரல் 11
இன்றும் நாளெல்லாம் கண்ணாடி. ஒரு தடவைகூடக் கழற்றவில்லை.

மே 19
டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். சதை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கிறது.

"கண்ணாடி போட்டீங்களா?"

"தூங்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் போட்டிருந்தேனுங்க."

கீழே இருக்கும் கண்ணாடிக் கடையில் சோதித்துப் பார்க்கச் சொன்னார். கடை நடத்தும் யாஸ்மின் அதை ஒரு சின்ன மெஷினில் வைத்தார். "அக்கா, இது வெளிச்சத்தை மட்டும்தான் குறைக்குது. கண்ணைக் கெடுக்கற புற ஊதாக் கதிர் அப்படியே உள்ள வருது. இருட்டா இருக்கறதால கண்ணைச் சுருக்காம நல்லாத் தொறந்தே வெச்சிருந்திருப்பீங்க. பக்கத்துல வேற இவ்வளவு சந்து."

கறுப்பாக இருந்தால் காப்பாற்றும் என்று நான்தானே நம்பினேன். அவரும்.

மே 20
சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விக்கறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க கடைச் சரக்கு போகோணுமில்ல?" சோற்றைப் பிசைந்தார். பிறகு, "நான் ஆசையா வாங்கியாந்தது உனக்கு ஆகாமப் போச்சு." பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டார்.

அழுதுபோட்டேன். அவரு மனசு நோகும்னு நான் கண்ணைக் குடுக்க முடியுமா? முடியாது. அந்தக் கண்ணாடிய இனிமே தொடமாட்டேன்.

மே 22
காலையில் யாஸ்மின் கடைக்கே போனேன். கறுப்பு கேட்கவில்லை, மெஷினில் வைத்துக் காட்டச் சொன்னேன். புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக UV400 என்று போட்டிருந்த இரண்டில் ஒன்று தேறவே இல்லை. யாஸ்மினே அதை ஒதுக்கி வைத்தார். தேறியது வெளிர் பழுப்பு. பக்கவாட்டில் வளைந்து முகத்தோடு ஒட்டி நிற்கிறது.

"ஊட்ல நம்பமாட்டீங்கறாரு" என்றேன். "கள்ள நோட்டுப் பாக்கற லைட் இருக்காக்கா? அதுவும் இதே கதிர்தான்" என்றார். களத்து ஆபீசில் இருக்கிறதே!

திரும்பி வந்ததும் வீட்டுக்காரரை ஆபீசுக்குக் கூப்பிட்டேன். "மாமா, ஒரு நிமிஷம் வாங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். ஐநூறு ரூபாய் நோட்டை லைட்டின் கீழே வைத்தேன். நம்பர் பளபளத்தது. லைட்டுக்கும் நோட்டுக்கும் நடுவில் அவர் வாங்கிய கண்ணாடியைப் பிடித்தேன். அதன் நிழலுக்குள்ளும் நம்பர் பளபளத்தது. பழுப்புக் கண்ணாடியைப் பிடித்தேன். பளபளப்பு அணைந்துவிட்டது.

இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி அவரே மறுபடி பிடித்துப் பார்த்தார். "லோடு வந்திருச்சு" என்று வெளியே போனார். லோடு எதுவும் வரவில்லை.

ஜூன் 8
காளியாத்தாக்காவுக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "இந்த வயசுல இதப் போட்டா ஊரே சிரிக்குமுங்க." சிரிக்கிறவர்களை என்னிடம் அனுப்பச் சொன்னேன். கண்ணாடி போடாமல் களத்தில் இறங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 26
டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். "வளரலைம்மா. அப்படியே நிக்குது. ஆபரேஷன் இப்ப வேண்டாம்." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

களத்துக்கு வந்தால், காக்காய் விரட்ட மூலையில் நிறுத்தியிருக்கும் வைக்கோல் பொம்மையின் முகத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடி!

"இது ஆரு வேலைங்க்கா?"

காளியாத்தாக்கா தன் பழுப்புக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "உங்க ஊட்டுக்காரருதானுங் அம்மணி."

அவர் களத்தின் அந்தப் பக்கம் கொப்பரை அள்ளிக்கொண்டிருந்தார். "ஏனுங் மாமா, பொம்மைக்கு எதுக்குங்க கண்ணாடி?"

"அதுக்குத்தான் கண்ணு இல்லையே, கெட்டுப்போறதுக்கு" என்று நிமிர்ந்தார்.

அவர் போட்டிருந்தது வெளிர் பழுப்பு. யாஸ்மின் கடைக்கு எப்போது போனார் என்று நான் கேட்கவில்லை.