பதினாலு பேர் நின்ற இடம்

12-8-1958, பெருநகர்

மதராஸ் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஏழு கடிதம் போட்ட பிறகு. என் நடவுப் பாட்டை எடுத்துக்கொள்கிறார்களாம். பதினாலு பேர் கொண்ட வாத்தியக் குழு வாசிக்கும். செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை, ஒன்றரை மணி நேரம் மட்டும். ஸ்வரக் குறிப்பை முன்கூட்டியே தபாலில் அனுப்ப வேண்டும். பாடுகிறவரை நானே அழைத்துவர வேண்டும்.

வயது முப்பத்தெட்டு. டிரங்குப் பெட்டியில் அறுபத்திரண்டு பாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கோயில் பாடகர் குழுவையும் தவிர வேறு ஒரு காதும் கேட்டதில்லை. இந்த ஒன்றாவது வெளியே போகாவிட்டால், நான் செத்த மறுநாள் அந்த நோட்டெல்லாம் கடலை மடிக்கத்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பதினாலு பேரா? நம்ம கல்யாணத்துக்கே நாலு பேருதான் வாசிச்சானுங்க" என்றார். ஐசக்குக்கு எல்லாமே கேலிதான்.

15-8

சிட்டம்மாள் பாடினால்தான் அது பாட்டு. எங்கள் கால்வாய்ப் பாசனத்தில் நடவு நடக்கும் இடமெல்லாம் அவள்தான் முன்பாட்டுக்காரி. "மெட்ராஸுக்கு நானா? இன்னா டீச்சரம்மா, வெயில்ல மண்டை காஞ்சி பூட்ச்சா?" என்றாள். பிறகு, "நீ கூட வருவ இல்ல?" என்றாள். வருவேன் என்றேன்.

21-8

தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் பத்து வினாடிதான் பிடிக்குமாம். ஒரு சரணத்தை வெட்டினேன். நல்ல சரணம் அது.

ஸ்வரத்தைப் பள்ளிக்கூட ஆர்மோனியத்தில் வாசித்து வாசித்து, விரல் விழுந்த இடத்தை அப்படியே எழுதித் தபாலில் சேர்த்தேன்.

8-9

நாளை.

9-9, இரவு

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதவும் முடியவில்லை.

உள்ளே போனதும் பதினாலு பேரும் என் எழுத்தை மேல்நாட்டு முறையில் மாற்றி எழுதிய காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பாட்டு அத்தனை காகிதத்தில்! குழுத்தலைவர் முத்துகிருஷ்ணன் கை அசைத்தார். வயலின்கள் எழுந்தன. இரண்டாவது வரியில் எல்லோரும் டக்கென்று நின்றார்கள். ஒரு தாளத் தட்டு தாண்டி மறுபடி தொடங்கினார்கள். அடுத்த வரியிலும் அப்படியே. ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப வாசித்தும் பாட்டு நொண்டி நொண்டியே நடந்தது.

"என்னம்மா இது, வரிக்கு வரி ஓட்டை?" என்றார் அவர்.

காகிதத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. எங்கள் ஆர்மோனியத்தில் மேல் ரி கட்டை செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அமுக்கினால் புஸ்ஸென்று காற்றுதான் போகும். அதனால் என் விரல் அதைத் தொடாமல் தாண்டிப் பழகிவிட்டது. யாராவது கூடப் பாடிக்கொண்டே இருப்பதால் அந்த ஸ்வரம் இல்லாதது என் காதுக்குத் தெரிந்ததே இல்லை. விரலைப் பார்த்து எழுதினேனே, பாவி. ரி வரவேண்டிய பதினோரு இடமும் வெற்றிடம். இதற்கு நடுவே நானே வேண்டுமென்று நிறுத்திய இடங்கள் ஆறு; எது ஓட்டை, எது நிறுத்தம் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது.

"பதினாலு காகிதத்துலயும் திருத்த நேரம் இல்லை. இருபது நிமிஷத்துல அடுத்த பார்ட்டி உள்ள வந்துடுவாங்க. இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார். இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஏழு கடிதம் போட்டவள் நான்.

சிட்டம்மாள் என் முழங்கையை இடித்தாள். "நடவுல நான் கையத் தூக்கினா எல்லாரும் அடுத்த வரிசைக்கு நவுர்றாங்க இல்ல? அது மாதிரி நீ தூக்கு. தூக்கினா அந்தச் சத்தம், தூக்காட்டி கம்முனு கெடக்கட்டும்."

முத்துகிருஷ்ணன் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "செய்யுங்கம்மா" என்று நகர்ந்து தன் இடத்தைக் கொடுத்தார்.

ஒத்திகையில் சரியாக வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கை தூக்கினேன், பதினாலு பேரும் அந்த ரியைத் தந்தார்கள். மறுபடி தூக்கினேன், மறுபடி தந்தார்கள். ஐயோ, என்ன ஒரு சத்தம் அது. கடைசிச் சரணத்தில் சிட்டம்மாள் "வெயிலே கொஞ்சம் தள்ளி நில்லு" என்று எடுத்தாள். நான் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். கை தூக்கவில்லை. வாத்தியம் மொத்தமும் நின்றுபோய் அவள் குரல் மட்டும் தனியாகப் போயிற்று. அடுத்த தாளத் தட்டில்தான் எனக்கு நினைவு வந்தது.

இன்னொரு தடவை எடுங்கள் என்று கெஞ்சினேன். கதவுக்கு வெளியே அடுத்த பார்ட்டி. "ஒரு இடம்தானே, போகட்டும்" என்றார் முத்துகிருஷ்ணன்.

எப்படிப் போகும்? வாழ்நாளில் ஒரே ஒரு தரம் கிடைத்தது, அதையும் என் கையே கெடுத்தது. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். "வுடு டீச்சரம்மா, நான் நிக்கல இல்ல, பாடிக்கினுதானே இருந்தேன்" என்றாள் சிட்டம்மாள். அவளுக்கு எங்கே புரியும்.

10-9

பள்ளிக்கூடம் போனேன். ஆர்மோனியத்தைத் திறக்கவில்லை.

3-12

தட்டு வந்தது. இங்கே போட்டுக் கேட்க ஏது பெட்டி? ஐசக் அதை உத்திரமேரூர் மைக்செட்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். எங்கேயாவது கல்யாணத்தில் போடுவாராம். போடாமலே இருந்தால் தேவலை.

11-12

கீழ்த்தெரு கல்யாணத்தில் போட்டார்கள். அந்த இடம் வருவதற்குள் பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். மைக்செட்காரர் இனிப் போகிற கல்யாணமெல்லாம் போடப் போகிறாராம்.

22-1-1959

பள்ளிக்கு வரும் வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க மானாம்பதி போனேன். திரும்பும்போது பஸ்ஸுக்காக நின்றேன். ரோட்டோர வயலில் தை மாத நவரை நடவு. முகம் தெரியாத பெண்கள், இருபது பேர் இருக்கும். என் பாட்டைப் பாடிக்கொண்டு நட்டார்கள்.

கடைசிச் சரணம் வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த ஒரு கிழவி மட்டும் "வெயிலே கொஞ்சம்" என்று தனியாகப் போனாள். அவள் முடித்த பிறகு இருபது பேரும் சேர்ந்து குரல் எடுத்தார்கள்.

வரப்பில் இறங்கிப் போய் அருகில் இருந்தவளைக் கேட்டேன், அங்கே ஏன் எல்லோரும் நிறுத்துகிறீர்கள் என்று.

அவள் நாற்றிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பாட்டே அப்டித்தான் கீது. உனக்குத் தெரியாதாம்மா?" என்றாள்.

தெரியாது என்றேன். அடுத்த தடவை அந்த இடம் வரும்வரை நின்றேன். பஸ் போய்விட்டது.